வயதான இதயத்துக்கு வேண்டியது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரொசெட்டோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. தெற்கு இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்தவர்கள், விட்டு வந்த ஊரின் பெயரையே வைத்து உருவாக்கிய ஊர். ஆண்கள் சிலேட்டுக்கல் குவாரிகளில் உடம்பு நோக உழைத்தார்கள். பெண்கள் துணி தைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். ஆலிவ் எண்ணெய் கட்டுப்படியாகாததால் சமையல் பன்றிக்கொழுப்பில். ஒயின் உண்டு, சுருட்டு உண்டு, பருத்த உடம்புக்காரர்களும் குறைவில்லை. அன்றைய இதய மருத்துவம் அறிந்திருந்த எந்தக் கணக்கைப் போட்டாலும் இந்த ஊரில் மாரடைப்பு மலிந்திருக்க வேண்டும்.

மலியவில்லை. உள்ளூர் மருத்துவர் பெஞ்சமின் ஃபால்கோன் இதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தார். 65 வயதுக்குக் கீழே, இதயநோயோடு ஒரு ரொசெட்டோக்காரர் தன்னிடம் வருவதே அபூர்வம் என்று ஸ்டூவர்ட் உல்ஃப் என்ற மருத்துவப் பேராசிரியரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். உல்ஃப் அதை விடவில்லை. 1961இல் ஒரு குழுவோடு ஊருக்குள் வந்தார். இறப்புச் சான்றிதழ்களைப் புரட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி பார்த்தார்கள். ஃபால்கோன் சொன்னது உண்மைதான். ஒரு மைல் தள்ளியிருந்த பாங்கர் என்ற ஊரிலும் அதே தண்ணீர், அதே மருத்துவமனை. ஆனால் அங்கே மாரடைப்புச் சாவு விகிதம் ரொசெட்டோவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

பரம்பரையாக வந்த வலுவோ என்று பார்த்தார்கள். ரொசெட்டோ குடும்பங்களின் உறவினர்களில் வேறு ஊர்களில் குடியேறியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உணவு, தண்ணீர், மரபு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தபோது மிஞ்சியது, அந்த ஊர் வாழ்ந்த விதம். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறைகள் இருந்தன. வயதானவர்களின் சொல்லுக்கு மதிப்பிருந்தது. சமையலுக்கும், பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கும், சண்டையைத் தீர்த்துவைப்பதற்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். சாயங்காலம் தெருவில் நடையும் பேச்சும். இருப்பவர்கள் இல்லாதவர்களின் முன்னால் பகட்டைக் காட்டுவது முறைகேடாகக் கருதப்பட்டது. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன.

இந்த வாழ்க்கைமுறை கலைந்தால் மாரடைப்பும் வந்து சேரும் என்று உல்ஃப் குழுவினர் 1960களின் தொடக்கத்திலேயே கணித்தார்கள். கலைந்தது. பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள். வேலி போட்ட தனித்தனி வீடுகள் எழுந்தன. 1935 முதல் 1985 வரை இரண்டு ஊர்களின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 1992இல் வெளியானபோது கணிப்பு பலித்திருந்தது. முதல் 30 ஆண்டுகள் ரொசெட்டோவில் மாரடைப்புச் சாவு குறைவு; அதன்பிறகு ஏறி பாங்கர் அளவுக்கே வந்துவிட்டது. அந்த ஏற்றம் யாரிடம் அதிகம் என்ற தகவல்தான் என்னை உலுக்கியது. இளைய ஆண்களிடமும், வயதான பெண்களிடமும். நேற்றுவரை வீட்டின் அச்சாணியாக இருந்த பாட்டிமார்கள் அவர்கள்.

ஊர் சிறியது, சாவுகளின் எண்ணிக்கையும் சிறியது. ஒரு ரொசெட்டோவை வைத்து உலகுக்கு விதி எழுத முடியாது. ஆனால் அது எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது. ஒருவர் எவ்வளவு உப்பு தின்கிறார் என்பதைப்போலவே, அவரை யார் தேடுகிறார்கள் என்பதும் இதயநோயின் கணக்கில் வருமா?

உடம்பில் மட்டும் தேடிய காலம்

அந்தக் கேள்வி சங்கடமானது. ஏனென்றால் அதே காலத்தில் இதய மருத்துவம் தன் மிகப்பெரிய வெற்றியை ஈட்டிக்கொண்டிருந்தது. 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய ஆய்வு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தது. ரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று இன்று நம் ஊர் டீக்கடையில்கூடப் பேசப்படும் அபாயக் காரணிகள் எல்லாம் அங்கே உறுதிப்பட்டவை. எண்ணில் அளக்கக் கூடியவை, மாத்திரையால் குறைக்கக் கூடியவை. மனம் அந்த வரிசையில் எளிதில் நிற்கவில்லை.

நிறுத்திப் பார்த்த முதல் பெரிய முயற்சியும் வழிதவறியது. 1959இல் சான்ஃபிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும், எப்போதும் அவசரம், போட்டி, எரிச்சல் என்று வாழ்பவர்களை ‘டைப் ஏ’ என்று வகைப்படுத்தி, மாரடைப்பு அவர்களைத்தான் தேடிவருகிறது என்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. பின்வந்த ஆய்வுகள் பல அதை உறுதிசெய்யவில்லை. அந்த ஆராய்ச்சிக்குப் புகையிலை நிறுவனங்கள் பணம் கொடுத்துவந்ததும் வெளியே வந்தது. மாரடைப்புக்குக் காரணம் சிகரெட்டில்லை, ஆளின் சுபாவம்தான் என்று காட்ட முடிந்தால் அவர்களுக்கு லாபம். மனதுக்கும் இதயத்துக்கும் தொடர்பு என்றாலே மருத்துவர்கள் பலர் நீண்டகாலம் சந்தேகத்தோடு பார்த்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். டைப் ஏயின் இடிபாடுகளில் பகைமை உணர்வு ஒன்று மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது.

நிலைமையை மாற்றியது 1993இல் கனடாவின் மான்ட்ரியல் நகரிலிருந்து வந்த சிறிய ஆய்வு. நான்சி ஃப்ராசூர்-ஸ்மித்தும் அவருடைய குழுவினரும், மாரடைப்பு வந்து பிழைத்த 222 பேரிடம் மருத்துவமனைப் படுக்கையிலேயே மனநிலையைக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மனச்சோர்வு இருந்தவர்களிடம் சாவு அபாயம் மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். இதயம் எவ்வளவு பழுதுபட்டிருந்தது என்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அது போகவில்லை. அதன்பின் கதவு திறந்தது. 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வை ஓர் அபாயக் காரணியாகவே அங்கீகரிக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2021இல் அதே சங்கம் ஒரு படி மேலே போய், மனமும் இதயமும் உடலும் ஒன்றோடொன்று பின்னியவை என்று விரிவான அறிக்கையே வெளியிட்டது.

கவலை எப்படி ரத்தக் குழாய்க்குப் போகிறது?

பயம் இதயத்தைத் தாக்கும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 1994 ஜனவரி 17 அதிகாலை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு முந்தைய நாட்களில் இதயநோயால் திடீரெனச் சாவோர் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். அன்று மட்டும் 24 பேர். அட்ரினலின் பெருக்கெடுத்து, துடிப்பு தாறுமாறாகி, ஏற்கெனவே பழுதான இதயம் நின்றுவிடுகிறது.

மெதுவாக நடக்கும் சேதம்தான் வயதோடு சேர்ந்து கொல்லுவது. மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்து என்று எச்சரிக்கை மணி அடிப்பது அதன் வேலை. பாஸ்டன் ஆய்வாளர் அகமது தவாகோல் குழுவினர் 293 பேரின் மூளை ஸ்கேன்களை எடுத்துப் பார்த்து, சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். அமிக்டலா அதிகம் இயங்கியவர்களின் எலும்பு மஜ்ஜையும் அதிகம் இயங்கியது. ரத்தக் குழாய்ச் சுவர்களில் அழற்சி கூடியிருந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் அவர்களுக்கே அதிகம் வந்தன. தீராத கவலை மஜ்ஜையை முடுக்கி, வெள்ளணுக்களைப் பெருக்கி, குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகிறது என்ற பாதை இதில் தெரிகிறது. அறுபதுக்கு மேல் குழாய்கள் தாமாகவே விறைக்கும், அழற்சியும் லேசாகக் கனன்றுகொண்டிருக்கும். அதன்மேல் இது.

இன்னொரு பாதை இதைவிட எளியது, நாம் எல்லாரும் கண்ணால் காண்பது. மனம் விட்டுப்போனவர் மாத்திரையை விட்டுவிடுகிறார். நடையை நிறுத்துகிறார். ஒருவருக்காக என்ன சமைப்பது என்று மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படுக்கிறார். தூக்கம் கெடுகிறது. நெஞ்சு அடைப்பதுபோல இருந்தாலும் யாரிடம் சொல்வது என்று விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். மாரடைப்பில் அந்தச் சில மணிநேரம்தான் உயிர். தனிமையும் சமூகத் தொடர்பின்மையும் இதயநோய் அபாயத்தை 29 சதவீதமும் பக்கவாத அபாயத்தை 32 சதவீதமும் கூட்டுவதாக 2016இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த எண்களுக்குள் இந்த இரண்டு பாதைகளும் கலந்தே இருக்கும்.

சந்தோஷமாக இருந்தால் போதுமா?

இந்த ஆய்வுகள் செய்தியாகும்போது, ‘மகிழ்ச்சியாக இருங்கள், நூறாண்டு வாழலாம்’ என்று சுருங்கிவிடுகின்றன. எனக்கு இதில் பலத்த மறுப்பு உண்டு. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நடுத்தர வயதுப் பெண்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்த மாபெரும் ஆய்வு 2016இல் இதை நேரடியாகச் சோதித்தது. மகிழ்ச்சியற்ற பெண்கள் அதிகம் இறந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே நோயாளிகள். நோய்தான் மகிழ்ச்சியைப் பறித்திருந்தது. அதையும் புகை போன்ற பழக்கங்களையும் கழித்துப் பார்த்தபோது, மகிழ்ச்சி தன்னளவில் ஆயுளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதயநோய்ச் சாவுக்கும் அதுவே முடிவு.

நம்பிக்கை மனப்பான்மையைப் பற்றிய ஆய்வுகள் வேறு மாதிரி பேசுகின்றன. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு, சுமார் 70,000 செவிலியப் பெண்களையும் 1,429 முன்னாள் படைவீரர்களையும் பார்த்து, நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் இயல்புடையவர்கள் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் நீண்ட ஆயுள் பெற்றதாகச் சொன்னது. எண்கள் கவர்ச்சியானவை. ஆனாலும் வாழ்க்கை நன்றாக நடந்தவருக்கு நம்பிக்கை எளிதில் வரும். நம்பிக்கை ஆயுளைத் தந்ததா, நல்வாழ்வு இரண்டையும் தந்ததா என்று முழுதாகப் பிரிப்பது கடினம். நோயில் கிடப்பவரிடம் ‘நல்லதையே நினையுங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்துபோவதற்கு இந்த ஆய்வு அனுமதி தரவில்லை.

அப்படியானால் எது காக்கிறது? எனக்கு விடை இருப்பதாகத் தோன்றுவது ஜப்பானில். அங்கே மியாகி மாகாணத்தின் ஒசாகி பகுதியில், 40 முதல் 79 வயதுவரை உள்ள 43,391 பேரிடம் தொஹோகு பல்கலைக்கழகத்தினர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வாழ்வதற்கு ஒரு பிடிப்பு உங்களுக்கு இருக்கிறதா? ஏழு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இல்லை என்று சொன்னவர்கள் அதிகம் இறந்தார்கள். அதிலும் எந்த நோயால் என்பதைப் பாருங்கள். புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் இல்லை. இதயம், ரத்தக் குழாய் சார்ந்த சாவில் இருந்தது. பிடிப்பு என்பது குதூகலம் இல்லை. பிடிப்புள்ளவர் அழலாம், கோபப்படலாம், மூட்டுவலியில் முனகலாம். காலையில் எழுந்தால் தனக்கென்று ஒரு வேலை காத்திருக்கிறது, தன்னை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ரொசெட்டோப் பாட்டிமார்களிடம் இருந்ததும் பிறகு பறிபோனதும் இதுதான் என்று நம்புகிறேன்.

முதுமையைப் பற்றி ஊர் என்ன நினைக்கிறது என்பதும் இங்கே சேரும். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி, ஒஹையோ மாநிலத்தின் சிறு நகரம் ஒன்றில் ஐம்பதைக் கடந்த 660 பேரின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். தங்கள் முதுமையை மதிப்போடு பார்த்தவர்கள், அதைச் சுமையாகப் பார்த்தவர்களைவிட ஏழரை ஆண்டுகள் அதிகம் வாழ்ந்திருந்தார்கள். 2009இல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இளையவர்கள் படிக்க வேண்டியது. ஐம்பது வயதுக்குள் இருந்தபோது கிழவர்களை இளக்காரமாக நினைத்தவர்களுக்கு, பல பத்தாண்டுகள் கழித்து இதயநோய் அதிகம் வந்தது. வீட்டுப் பெரியவரை ‘உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க’ என்று அடக்கும் பிள்ளை, தன் எதிர்காலத்துக்கும் சேர்த்தே அதைச் சொல்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்த பெண்கள்

இவ்வளவு சொன்னதும், கூட்டுக்குடும்பத்துக்குத் திரும்பிவிட்டால் போதும் என்று யாராவது முடிவுகட்டக்கூடும். அவர்கள் ஃப்ராமிங்ஹாம் ஆய்வின் அடுத்த தலைமுறையைப் பார்க்கட்டும். கணவனும் மனைவியும் சண்டையிடும்போது மனதில் இருப்பதைச் சொல்வீர்களா, அடக்கிக்கொள்வீர்களா என்று அங்கே கேட்டிருந்தார்கள். எலைன் ஈக்கர் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு: அடக்கிக்கொண்ட பெண்களுக்கு, பேசிய பெண்களைவிடப் பத்தாண்டுகளில் இறக்கும் அபாயம் நான்கு மடங்கு. ஆண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பத்துப் பேர் இருந்தும் பேச ஆளில்லாமல் வாழ்ந்த பெண்களை நமக்குத் தெரியும். ஆள் கூட்டம் வேறு, ஆதரவு வேறு.

சிகிச்சையிலும் இதே பாடம் வேறு வழியாக வந்தது. அமெரிக்காவில் மாரடைப்பு வந்து மனச்சோர்வோ ஆதரவின்மையோ இருந்த 2,481 பேருக்கு உளவியல் சிகிச்சை அளித்துப் பார்த்த பெரும் ஆய்வு 2003இல் ஏமாற்றத்தோடு முடிந்தது. மனம் ஓரளவு தெளிந்தது. சாவும் மறு மாரடைப்பும் குறையவில்லை. பலர் அத்தோடு நம்பிக்கை இழந்தார்கள். ஸ்டாக்ஹோம் நகரில் கிறிஸ்டினா ஓர்த்-கோமர் இழக்கவில்லை. அவர் இதயநோய் வந்த 237 பெண்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையும், மற்றவர்களுக்கு அதோடு கூடவே ஓராண்டில் 20 சந்திப்புகளும் ஏற்பாடு செய்தார். நான்கு முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்கள், பெண்கள் மட்டும். வீட்டு நெருக்கடி, வேலை நெருக்கடி, மாத்திரை, மூச்சுப் பயிற்சி எல்லாம் அங்கே பேசப்பட்டன. ஏழு ஆண்டுகளில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். குழுவில் இருந்தவர்களில் 7 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்தத் துறையில் நான் படித்தவற்றில் இதைப்போல் நம்பிக்கை தந்த எண்கள் குறைவு.

மருந்தையும் ஒதுக்க வேண்டாம். தென் கொரியாவின் குவாங்ஜு நகரில் மாரடைப்பு முதலிய இதயத் தாக்குதலோடு மனச்சோர்வும் இருந்த 300 பேரில் பாதிப் பேருக்கு எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 24 வாரங்கள் கொடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சாவு, மறு மாரடைப்பு, மறுபடி ஆஞ்சியோபிளாஸ்டி போன்றவை மருந்து எடுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு; வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு.

நம் பக்கம்

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப். மாரடைப்பு வந்தவர், வராதவர் என்று சுமார் 30,000 பேரை ஒப்பிட்டு 2004இல் வெளியான அந்த ஆய்வு, மாரடைப்புக்கான ஒன்பது காரணிகளில் மன, சமூக நெருக்கடியையும் ஒன்றாக வைத்தது. அதன் எடை ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ குறைந்ததாக இல்லை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. நமக்கு முன்னதாகவே வருகிறது. தமிழகத்திலோ முதியவர்கள் வேகமாகக் கூடுகிறார்கள். மக்கள்தொகைக் கணிப்பின்படி 2021இல் அறுபதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ டெக்சாஸிலோ இருக்க, இரண்டு பேருக்கு ஒரு பெரிய வீடு, பிறகு ஒருவருக்கு அதே பெரிய வீடு என்ற நிலை கிராமங்களிலும் வந்துவிட்டது.

செலவில்லாமல் தொடங்கக் கூடிய வேலை ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. கொண்டுவருபவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண். அவர் பிபி பார்த்து எழுதும் அதே அட்டையில் இரண்டு கேள்விகளுக்கும் இடம் இருக்கட்டும். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? உலகெங்கும் மருத்துவர்கள் முதல்கட்டச் சோதனைக்குப் பயன்படுத்துபவை இவை. இதய நோயாளிகள் எல்லாரிடமும் இவற்றைக் கேட்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. ஆம் என்று விடை வந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். மனநல உதவிக்கான 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே இதய மாத்திரை சாப்பிடுபவர் அதை மனநல மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனச்சோர்வுக்கான பழைய மருந்துகளில் சில, இதயத் துடிப்பைக் குலைக்கக் கூடியவை. செர்ட்ராலின் போன்ற புதிய மருந்துகள் இதய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பானவை என்று அறியப்பட்டவை.

கேட்பது முதல் படிதான். ஸ்டாக்ஹோம் செய்த வேலை அதற்கு அடுத்தது. நம் அரசு மருத்துவமனைகளின் இதயநோய்ப் பிரிவில் மாதத்துக்கு ஒருநாள் மாத்திரை வாங்க வருபவர்கள், ஒரே பெஞ்சில் பல மணிநேரம் காத்திருக்கிறார்கள். முகம் தெரிந்தவர்கள், ஒரே நோய்க்காரர்கள், பலர் ஒரே பேருந்தில் வந்தவர்கள். அவர்களில் எட்டுப் பேரை, குறிப்பாகப் பெண்களை, அந்தக் காத்திருப்பு நேரத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, பயிற்சி பெற்ற ஒரு செவிலியரை அவர்களோடு இருக்கச் செய்ய என்ன தடை? ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை ஓராண்டு இதைச் செய்துபார்த்து, யார் மாத்திரையை விட்டார்கள், யார் மறுபடி நெஞ்சுவலியோடு வந்தார்கள் என்று எழுதிவைத்தால் போதும். தமிழ்நாட்டுக்கென்று சொந்தக் கணக்கு ஒன்று கிடைத்துவிடும்.